அழித்துவிட்டுக் கொடுக்கவும்

"ஹலோ... ஹலோ... கண்ணா! நீயா! ... என்னடா, மணி இன்னும் ஒன்பதுகூட ஆகலை, அதுக்குள்ள கூப்பிட்டுட்டே! ... இரு, இரு, ரேடியோவ அணைச்சுட்டு வர்றேன். வெச்சுடாதே... வெச்சுடாதே... ம், வந்துட்டேன். சொல்லு. எப்படிடா இருக்கே?"

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அடித்துக்கொண்டிருந்த போன் அது. வீட்டுக் கடிகாரம் தப்பினாலும் மகனுடைய போன் தப்பாது என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் மூன்று ஞாயிறு அது அடிக்கவே இல்லை. முதல் ஞாயிறு, வேலையாக இருப்பான் என்று நினைத்தாள். இரண்டாவது ஞாயிறு கீழ்வீட்டுக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கித் தன் நம்பருக்குத் தானே அடித்துப் பார்த்தாள். நன்றாகவே அடித்தது. மூன்றாவது ஞாயிறு குளிக்கப் போகும்போதுகூடப் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளித்தாள். தானாகக் கூப்பிடலாம்தான். தொந்தரவு செய்கிறாள் என்று நினைத்துவிடுவானோ என்று கை வரவில்லை. இன்றைக்கு எட்டு நாற்பதுக்கே அடித்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"... என்னது? லேப்டாப்பா? ... ஆமா, இருக்கு. எதிர்ல மேசை மேலதான் இருக்கு. பதினோரு மணிக்குக் கடைக்காரர் வந்து எடுத்துக்கறேன்னார். ... இல்லப்பா, இன்னும் குடுக்கலை. ... ஏண்டா கத்தறே? ... ஆமா, அழிச்சுட்டேன். எல்லாத்தையும்தான். ... நீதானேடா சொன்னே! போன தடவை பேசினப்போ, சும்மா கிடக்குது, வித்துடு, எல்லாத்தையும் அழிச்சுட்டுக் குடுன்னு. ... கடைக்காரரும் அதையேதான் சொன்னார். துண்டுச்சீட்டுல எழுதியே குடுத்தார். ... சரி சரி, திட்டாதே. என்ன ஆச்சுன்னு சொல்லு."

அழிக்கச் சொன்னால் எப்படி அழிப்பது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறையில் உட்கார்ந்திருந்தவள். அங்கே அவளுக்கு ரெக்கார்டம்மா என்று பெயர். காலம் முடிந்த கோப்புகளை அழிக்கும் வேலை அவளுடையது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, ஒவ்வொரு தாளையும் பார்த்து, பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதி, அப்புறம்தான் கிழிக்க வேண்டும். பார்க்காமல் ஒரு தாளைக் கிழித்ததில்லை.

மகன் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பையும் அவள் அப்படித்தான் அழித்தாள். ஒன்பது நாள், காலையில் இரண்டு இரண்டு மணி நேரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, 'அழிப்புப் பதிவேடு' என்று மேலே எழுதி, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிசை எண்கள். அவன் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை, கல்லூரி விடுதி வாசலில் நாலு தடியன்களோடு தோளில் கை போட்டு நிற்கும் படம், யாருக்கோ எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட கடிதம். எல்லாவற்றையும் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள், எண் போட்டாள், அழித்தாள். லேப்டாப்புக்குள் இருந்த நாட்காட்டியை மட்டும் பார்க்கவில்லை. முதல் நாள், கைப்பழக்கத்துக்கு, அதைத்தான் முதலில் மொத்தமாக அழித்தாள். பழைய நாட்காட்டியை எந்த அலுவலகத்திலும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கட்டாகக் கட்டித் தூக்கிப் போடுவதுதான் வழக்கம்.

"... புரியலையேடா. மெதுவா சொல்லு. ... நான் இங்க அழிச்சா உன்கிட்ட எப்படி அழியும்? பீரோ இங்க இருக்கு, நீ அங்க இருக்கே. ... ஓ... ஒரே பீரோவா? ... ரெண்டு பக்கமும் கதவா? ... அட, இது எனக்கு எப்படிடா தெரியும்! இந்தக் கதவுல எடுத்தா அந்தக் கதவுலயும் காலியாயிடுமா. ... ம். ... ம். ... அப்ப இந்த ஒரு மாசமா உன் பீரோவ நான்தான் காலி பண்ணியிருக்கேனா! ... ஐயோ."

"... சரி, உன்கிட்ட அழிஞ்சுடுச்சு. இங்கயாவது ஒழுங்கா அழிஞ்சுதா? ... அதுவும் இல்லையா! ... தெரிஞ்சவன் தோண்டினா எல்லாம் வந்துடுமா? ... நல்லா இருக்குடா நியாயம். அழிய வேண்டிய இடத்துல அழியலை, இருக்க வேண்டிய இடத்துல அழிஞ்சுடுச்சு. ... சிரிக்கலை கண்ணா. நான் எங்க சிரிச்சேன்?"

"... என்ன சத்தம் அது? ஹார்னா? ... வண்டி ஓட்டிட்டே பேசறியா? அறிவு இருக்கா உனக்கு! ... சரி, கை ரெண்டும் ஸ்டீரிங்லதானே இருக்கு? ... ஏர்போர்ட்டுக்கா? எதுக்கு? ... இன்டர்வியூவா! சொல்லவே இல்லையே. ... நாளைக்கா. ... சரி சரி, அப்புறம் சொல்லு. என்ன வேணும் இப்ப? ... அனுபவச் சான்றிதழ். இரு, பதிவேட்டைப் பாத்துச் சொல்றேன். ... ஆமாடா, எழுதி வெச்சிருக்கேன். உங்கம்மாவ என்னன்னு நினைச்சே?"

நோட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்துப் புரட்டினாள்.

"... இருநூத்திப் பதினாலு. அனுபவச் சான்றிதழ், மூணு பக்கம், ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். அதானே? ... ம், லேப்டாப்ப திறந்துட்டேன். ... குப்பைத்தொட்டி படம். இருக்கு. அமுக்கறேன். ... அம்மாடி! எல்லாம் அப்படியே கிடக்குதேடா! ... முப்பது நாள் வெச்சிருக்குமா? நல்ல ஆளுங்கடா இவங்க. எங்க ஆபீஸ்ல கிழிச்சா கிழிச்சதுதான். ... திரும்பக் கொண்டுவான்னு எழுதியிருக்கு, அதை அமுக்கட்டுமா? ... அமுக்கிட்டேன். ... நீ பாக்காதே! ரோட்டைப் பாரு! சிக்னல்ல நிக்கும்போது பாரு. ... ம். ... ம். ... வந்துடுச்சா? ரெண்டாவது பக்கம் சாய்ஞ்சிருக்கா? ... அப்பாடா! ... எனக்குந்தாண்டா. உயிர் போய் உயிர் வந்துச்சு."

பெருமூச்சு விட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வேலைக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான், தனக்காக இல்லை என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. இருக்கட்டுமே. வேலை முடிந்தது, இனிமேல் கொஞ்சம் பேசுவான் அல்லவா?

"... இன்னும் என்ன? ... நாட்காட்டியா? ... ஆமா, அதையும்தான். வரிசை எண் ஒண்ணே அதுதான். ... என்னடா சொல்றே, பல் டாக்டர்கிட்ட போகலையா? ... அது ஞாபகப்படுத்தினாத்தான் போவியா? பல்லு வலிச்சா பல்லே ஞாபகப்படுத்துமே! ... சரி சரி. ... மீனா? ... எந்த மீன்? ... தொட்டி வெச்சிருக்கியா? எங்கிட்ட சொன்னதே இல்லையே. ... ஐயையோ. ரெண்டுமா? ... தண்ணி மாத்தாம செத்துப்போச்சா. ... பாவம்டா. ... என் தப்புதான் கண்ணா. தெரியாம பண்ணிட்டேன். வாயில்லாத ஜீவன். ... சரி, அழாதே. ... அழலைன்னா சரி."

"... இப்பவே பண்றேன். அழிச்சு இருபத்தேழு நாள்தான் ஆச்சு, இன்னும் மூணு நாள் இருக்கு. எங்க போகணும்? ... ம், மேல மூலையில சக்கரம் மாதிரி... ஆச்சு. ... இதுக்கும் தனியா ஒரு குப்பைத்தொட்டியா! ... நீளமா ஒரு பட்டியல் இருக்கு. மொத்தமா வேண்டாமா? ... பழசெல்லாம் கலந்திருக்கா. சரி, நான் ஒவ்வொண்ணா படிக்கறேன். நீ வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா விடுன்னு சொல்லு. ... இதுதான் எனக்குப் பழக்கம்."

பதிவறையிலும் இப்படித்தான். அவள் தலைப்பைப் படிப்பாள், மேலதிகாரி ஒற்றை வார்த்தை சொல்வார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பழைய குரலிலேயே ஆரம்பித்தாள்.

"பல் டாக்டர். ... வேணும். ஆச்சு. வண்டி சர்வீஸ். ... வேணும். உடற்பயிற்சி, தினமும் காலைல ஆறு மணி. ... விடுன்றியா? நினைச்சேன். மேனேஜர் வீட்டுப் பாப்பா பிறந்தநாள். ... அந்த ஆபீஸ விட்டாச்சா? சரி, விடு. மீன் தொட்டி, சனிக்கிழமை தோறும், பதினஞ்சு நிமிஷம். ... இன்னும் ஒண்ணு உயிரோட இருக்கா? அப்ப வேணும், வேணும். ஆச்சு. ... அடுத்தது..."

அடுத்தது ஒரே ஒரு வரி.

அம்மா. ஞாயிற்றுக்கிழமை தோறும், 9.00. 10 நிமிடம்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'முழங்கால். பிரஷர் மாத்திரை. எதிர்வீட்டு டீச்சர். வேற ஏதாவது வேணுமா.'

அம்மா அதை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூன்று வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும், மகன் அவளிடம் கேட்ட கேள்விகள் அதே வரிசையில் அங்கே இருந்தன. முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். இத்தனை வேலையிலும் என் காலை நினைத்துக்கொண்டிருக்கிறானே என்று. நினைத்துக்கொண்டிருந்தது அவன் இல்லை, இது.

உண்மையில் முழங்கால் வலி போய் எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படி இரண்டு இரண்டாக ஏறுகிறாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் என்ன கேட்பான்? எதிர்வீட்டு டீச்சரும் மகள் வீட்டுக்கே குடிபோய் வருடம் ஒன்றாகிறது, அந்த வீட்டில் இப்போது பூட்டுத்தான் தொங்குகிறது. அதையும் சொல்லவில்லை. டீச்சருக்குச் சளி பிடித்தது, டீச்சர் புதுக் கண்ணாடி மாட்டியிருக்கிறார் என்று வாராவாரம் வாய் கூசாமல் அளந்துவிட்டிருக்கிறாள். அவன் கேட்பதற்கு நாலு விஷயம் இருக்க வேண்டுமே என்று அவற்றையெல்லாம் அவள்தான் உயிரோடு வைத்திருந்தாள். மீனுக்குப் பதினைந்து நிமிடம், தனக்குப் பத்து என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளுக்குத் தாங்க முடியவில்லை. முந்தானையை எடுத்து வாயை அழுத்திக்கொண்டாள்.

"... ஆங்... இருக்கேன், இருக்கேன். கண்ணாடி நழுவிடுச்சு. ... இல்லப்பா, சளி. ... அடுத்ததா?"

படித்துக் காட்ட வேண்டியதுதான். படித்தால் அவன் ஒரு வார்த்தை சொல்வான். வேணும் என்பானா, விடு என்பானா? வண்டி ஓட்டுகிற அவசரத்தில், தலைப்பைக்கூடச் சரியாகக் கேட்காமல், விடு என்று சொல்லிவிட்டால்?

"... அடுத்தது ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

போகட்டும், இனிமேல் அவனாகக் கூப்பிட்டால் பேசுவோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று வீம்பாக லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அந்த வீம்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"கண்ணா... ஒண்ணு கேக்கட்டுமா? மூணு வாரமா நீ கூப்பிடவே இல்லையே. ... இல்லடா. போன வாரம் பேசலை. ... அதுக்கு முந்தின வாரமும் பேசலை. ... நல்லா யோசிச்சுப் பாரு. லேப்டாப்ப விக்கச் சொன்னியே, அதான் கடைசி. ... ஆமா. ... ஆமா, வேலை. தெரியும்ப்பா. ... நான் எங்க கோவிச்சுக்கிட்டேன்? சும்மா கேட்டேன்."

பேசவில்லை என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று வாரமும் பேசியதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். மீன் செத்தது தெரிந்திருக்கிறது, பல் டாக்டரிடம் போகாமல் விட்டது தெரிந்திருக்கிறது.

"... வந்துட்டியா? பார்க்கிங்ல நிறுத்திட்டியா? நல்லது. ... ம், லேப்டாப்புக்கு இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு. எழுதிக்கறேன். ... முதல்ல உன் கணக்குலேருந்து வெளிய வரணும். ... வெளிய வந்தப்புறம் இங்க என்ன பண்ணினாலும் உன்கிட்ட எதுவும் ஆகாது. ... ம். ... அப்புறம் ரீசெட். எல்லாத்தையும் எடுத்துடுன்னு வரும். டிரைவத் துடைன்னு ஒண்ணு கேக்கும், அதுக்கு ஆமான்னு குடுக்கணும். ... அப்பத்தான் யாராலயும் தோண்ட முடியாது. ... மணிக்கணக்கா ஓடுமா? பரவாயில்ல. கடைக்காரர சாயங்காலம் வரச் சொல்லிடறேன். எனக்கு வேற என்ன வேலை."

"... என்ன, வெச்சுடப் போறியா? ... ஆமா ஆமா, பெட்டியெல்லாம் எடுக்கணும்ல. ... வர்ற ஞாயித்துக்கிழமை... இல்ல, ஒண்ணுமில்ல. முடிஞ்சா. ... பாக்கறேன்னா பாரு, அதுக்கென்ன. ... நல்லா பண்ணு கண்ணா. ... சரி..."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு கோப்பைக்கூட மேலதிகாரியின் உத்தரவில்லாமல் திரும்ப அலமாரியில் வைத்தவள் இல்லை ரெக்கார்டம்மா. லேப்டாப்பைச் சட்டென்று இழுத்தாள். அந்த வரியின் மேல் விரலை வைத்து அமுக்கினாள். திரும்ப வந்துவிட்டது.

"... ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் வெச்சுடாதே. ... இல்ல, இந்த ரீசெட் எங்க இருக்குன்னு சொன்னே? ... ம். ... ம்."

போனுக்குள்ளே, அவன் பக்கத்தில், 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"... என்ன கண்ணா? ... முழங்காலா?"

குரல் அப்படியே மாறிவிட்டது. இவ்வளவு நேரம் அரக்கப் பரக்கப் பேசியவன், ஞாயிற்றுக்கிழமைக் குரலில் கேட்கிறான். அது பட்டியலைப் பார்த்துக் கேட்கிற குரல் என்று தெரிந்தும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"... வலிக்குதுப்பா. இன்னும் வலிக்குது. படி ஏறினா இடது பக்கம் பிடிச்சு இழுக்குது. ... தடவறேன், தடவறேன். ... மாத்திரையா? வேளா வேளைக்குப் போடறேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ... டீச்சரா? நல்லா இருக்காங்க. நேத்துகூட வாசல்ல பாத்தேன். உன்னைத்தான் விசாரிச்சாங்க. ... ஆமாடா, உன்னை மறப்பாங்களா? ... வேறயா? வேற ஒண்ணும் வேணாம்ப்பா. எல்லாம் இருக்கு எனக்கு. ... அதுக்குள்ளயா? இருடா, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"... ஹலோ? ... கண்ணா? ... கேக்குதா? ... இல்லடா, நான் சும்மா, வாய் தவறி... கடிகாரத்தைப் பாத்து... ஹலோ? ... ஏதாவது பேசேன்டா. ... கண்ணா, நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை. சத்தியமா. எழுதி வெச்சுக்கிட்டாவது கேட்டியே, அதுவே... ஹலோ?"

அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. மூச்சு கேட்டது. எங்கேயோ ஒரு பெட்டியின் சக்கரம் உருண்டு போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. லைன் போய்விட்டது.

மணி ஒன்பது நாலு. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே லேப்டாப்பைப் பார்த்தாள். 'அம்மா' என்ற வரி நாட்காட்டியில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே இருந்த குறிப்பு முதலில் போயிற்று. அப்புறம் வரியே போயிற்று. அவள் கை லேப்டாப்பின் மேல் இல்லை, மடியில்தான் இருந்தது. அந்தக் கதவு வழியாக அவன்தான் எடுத்திருக்கிறான்.

வெட்கப்பட்டு எடுத்தானா, கோபத்தில் எடுத்தானா, அவளுக்குத் தெரியாது. இனிமேல் போன் அடித்தால் அவனாக நினைத்து அடித்ததாக இருக்கும். அடிக்காவிட்டால், அதற்கு லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள இன்னும் ஏழு நாள் இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து, நானூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டாள். அதற்கு நேராக எதுவும் எழுதவில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டு, லைன் இல்லாத அந்தப் போனில் மெதுவாகச் சொன்னாள்.

"முழங்கால் சரியாயிடுச்சு கண்ணா. எட்டு மாசமாச்சு."